தெற்கு அளத்து மஞ்சள் பட்டை

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குத் தெற்கு அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த முப்பத்தொரு பெண்களின் கைப்பட்டைகளும் மஞ்சளாயின. ஒன்று முன்னே ஒன்று பின்னே என்றுகூட இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில். பட்டை பச்சையாக இருந்தால் ஊர் சேர்த்துக்கொள்ளும், மஞ்சளானால் ஒதுக்கிவிடும். இது அந்தக் காலத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

இரண்டு கொள்ளைநோய்களை அடுத்தடுத்துப் பார்த்து நொந்துபோன அரசாங்கம் எல்லார் மணிக்கட்டிலும் கட்டிவிட்ட பட்டை அது. வியர்வையை வைத்தே உடம்புக்குள் என்ன நடக்கிறதென்று சொல்லிவிடும். யார் யாரோடு எத்தனை நேரம் இருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளும். அந்தச் சேதிகளையெல்லாம் சேர்த்துவைத்து எங்கே எது பரவுகிறது என்று கண்டுபிடிக்கிற இயந்திரத்துக்கு 'அரண்' என்று பெயர். எட்டு வருஷமாக அரண் தப்பாகச் சொன்னதே இல்லை என்பார்கள். தப்பாகச் சொல்லியிருந்தால் அதை யார் போய்க் கேட்பது என்பது வேறு விஷயம்.

சேதி வந்தபோது சங்குமுனை துணைச் சுகாதார நிலையத்தின் செவிலியர் தங்கபுஷ்பம், ஒரு கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் மோட்டார் கெட்டதிலிருந்து சாமான் அறையாகிவிட்ட கழிப்பறைக்குள் போய், அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றிலிருந்து பஞ்சு எடுத்துவந்து, குழந்தையின் தொடையைத் துடைத்து அனுப்பிய பிறகுதான் திரையைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயது, இருபத்தேழு வருஷ சர்வீஸ். "இவ உடும்பு மாதிரி, பிடிச்சா விடமாட்டா" என்று அவள் வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். திரையில் இருந்ததை அவள் இரண்டு தடவை படித்தாள். 'அறியப்படாத தொற்று. சிறுநீரகத்தைத் தாக்குகிறது. முதல் பதிவு: உங்கள் எல்லை.' விதிப்படி அவள் பெயரிலேயே பதிவு செய்து, மாவட்டத்துக்கு அனுப்பினாள்.

மத்தியானத்துக்குள் ஊர் தன் வேலையைக் காட்டிவிட்டது. அளத்துப் பெண்களைப் பார்த்து மினிபஸ் நிற்காமல் போயிற்று. மளிகைக்கடைக்காரர், "வேணுங்கிறதைச் சொல்லுங்க, வாசல்ல வைக்கேன், எடுத்துக்கிடுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் அவர்களுடைய பிள்ளைகளைத் தனி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நேற்றுவரை அக்கா, மதினி என்று கூப்பிட்டவர்கள்தான் எல்லாரும்.

சாயங்காலம் மாவட்ட நோய்க்கணிப்பு அதிகாரி டாக்டர் மீரான் வந்தார். காயல்பட்டினத்துக்காரர், முப்பது வயது, நல்ல மனுஷன். மேஜைமேல் வரைபடத்தை விரித்தார்.

"முப்பத்தொரு பேருக்கும் சிறுநீரகம் கெட்டுக்கிட்டு வருது சிஸ்டர். அதுல இசக்கின்னு ஒரு பொண்ணு, அதே அளத்துல வேலை பாக்குற பேச்சித்தாயோட மருமக. இருபத்துநாலு வயசுதான். பாதிதான் வேலை செய்யுது. இப்படியே போனா ரெண்டு வருஷத்துல டயாலிசிஸ்."

"என்ன கிருமி சார்?"

"கிருமி ஒண்ணும் சிக்கல. ஆனா அரணுக்குக் கிருமி வேண்டியதில்ல, பரவுற விதத்தைப் பாத்தே சொல்லிரும். இங்க பாருங்க. முன்னாடி வடக்கு அளத்துல மட்டும்தான் இருந்துச்சு. ஒரே இடத்துல கெடந்ததால ஏதோ உள்ளூர்க் கோளாறுன்னு விட்டுருச்சு. நாலு மாசம் முந்தி பேச்சித்தாய் அங்கருந்து தெற்கு அளத்துக்கு மாறினாங்க. அப்புறம் இங்க ஒவ்வொருத்தருக்கா. புதுசா யாரு வேலைக்கு வந்தாலும் நாப்பது நாளுல அவங்களுக்கும் வந்துருது."

"ஆம்பளையளுக்கு?"

"ஒருத்தருக்கும் இல்ல. சில நோய் அப்படி ஆள் பாத்து வரும்." மீரான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு வாரத்துக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிக்கணும். இல்லைன்னா எல்லாரையும் தனிமை முகாமுக்குக் கொண்டுபோயிருவாங்க. புள்ளகுட்டி இல்லாம, தனியா. காரணம் தெரியற வரைக்கும் திரும்பி வர முடியாது."

தன் முன்னால் இருந்த இரண்டு மோர் தம்ளர்களில் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். புஷ்பம் அதைத் திருப்பி நகர்த்தினாள். "வேண்டாம் சார். இன்னும் ரெண்டு ஊரு சுத்தணும்."

மறுநாள் விடிந்ததும் அவள் தெற்கு அளத்தில் இருந்தாள். ஒரே நோய்க்காரர்கள் ஒன்றாக வேலை செய்யத் தடையில்லை என்று ஒரு விதி இருந்ததால், சீசனில் ஒரு நாளையும் விட மனமில்லாத கங்காணி சுடலைமணி அவர்களைப் பாத்தியில் இறக்கிவிட்டிருந்தார். பெண்கள் வரிசையாக நின்று உப்பை வாரி வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே உப்பின் வெளுப்பு கண்ணைக் குத்தியது.

"இது பொம்பளைச் சீக்கு நர்சம்மா" என்றார் சுடலைமணி, பத்தடி தள்ளி நின்றுகொண்டே. "நம்ம ஆம்பளையெல்லாம் கல்லு மாதிரி இருக்காம் பாத்தியளா."

புஷ்பத்தின் கவனமெல்லாம் வேறொன்றில் இருந்தது. முப்பத்தொரு பேருக்கும் ஒரு பக்கக் கன்னம் லேசாக உப்பியிருந்தது. பேச்சித்தாயை வரப்புக்குக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள். ஒரு வறுத்த புளியங்கொட்டை. எல்லார் வாயிலும் அதுவே. காலையில் வேலைக்கு இறங்கும்போது பேச்சித்தாய்தான் தன் சுருக்குப்பையிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக் கொடுப்பாளாம்.

'கள்ளன் ஆப்புட்டான்' என்று புஷ்பம் நினைத்தாள். ஒரே பை, ஒரே கை, முப்பத்தொரு வாய். வடக்கிலிருந்து தெற்குக்கு வந்தவளும் அவளே. முப்பத்தொரு கொட்டைகளையும் தனித்தனிக் குப்பியில் போட்டு, அன்றைக்கே மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டு, பாதி ஜெயித்துவிட்ட நிம்மதியில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் மீரான் போன் செய்தார். "பாத்தாச்சு சிஸ்டர். கிருமி இல்ல, விஷம் இல்ல. சுத்தமான புளியங்கொட்டை."

புஷ்பத்துக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஐந்து நாளை வீணாக்கிவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கொட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தேடியாயிற்று. அதை ஏன் வாயில் போட்டார்கள் என்று ஒருத்தியிடமாவது கேட்டோமா என்ற நினைப்பு ராத்திரி சாப்பிடும்போதுதான் வந்தது. கை கழுவியும் கழுவாமலும் எழுந்து, மறுநாளைய வேலைகளையெல்லாம் தள்ளிப்போட்டாள்.

மறுநாள் காலை ஐந்தரையிலிருந்து பதினொன்றுவரை அவள் அளத்து வரப்பைவிட்டு நகரவில்லை. வரப்போரம் இரண்டு நீல நிறத் தண்ணீர் கேன்கள் இருந்தன, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஒன்பது மணிக்குள் ஆண்களின் கேன் பாதியாகிவிட்டது. பெண்களின் கேனில் மூடியைக்கூட யாரும் திறக்கவில்லை. ஒன்பதரைக்கு எல்லாப் பட்டைகளும் உறுமின. 'தண்ணீர் குடித்தீர்களா?' என்று தினமும் கேட்கிற கேள்வி. முப்பத்தொரு பெண்களும் குனிந்த தலை நிமிராமல் 'ஆம்' என்று அமுக்கினார்கள்.

சுடலைமணி டீ குடிக்கப் போன சமயம் பார்த்து புஷ்பம் பாத்திக்குள் இறங்கினாள்.

"பேச்சியக்கா, கொட்டை எதுக்கு?"

"சும்மா ஒரு பழக்கந்தான்."

"தாகத்துக்குத்தானே?"

பேச்சித்தாய் உப்பை வாரிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற இசக்கிதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிருங்கத்தே. இனி மறைச்சி என்ன ஆவப்போவுது" என்றாள்.

பேச்சித்தாய் நிமிர்ந்தாள். "நர்சம்மா, தண்ணி குடிச்சா எங்கன போவ? சுத்திப் பாருங்க."

புஷ்பம் சுற்றிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்தி, அதைத் தாண்டி அடிவானம். ஒரு மரமில்லை, ஒரு சுவரில்லை. ஆள் உயரத்துக்கு இருந்தது ஓர் உப்பு அம்பாரம்தான், அதன் பின்னால் லாரி போகிற சாலை. ஆண்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று காரியத்தை முடித்துக்கொள்வார்கள்.

"முன்ன ஓடைக்கரையில உடமரக் காடு கெடந்துச்சி. இவளுவ அதுல ஒதுங்கிக்கிட்டிருந்தாளுவ. சோலார் தட்டு போடணும்னு அதை வெட்டிட்டாவ. தவிச்சிப் போயிட்டாளுவ பாவம். வடக்க எங்களுக்கு எப்பவுமே ஒரு மறைவு கெடையாது, நாங்க பழகிட்டோம். அதான் வந்த எடத்துல சொல்லிக்குடுத்தேன். முந்துன நா சாயந்தரத்தோட தண்ணிய நிறுத்திரணும், அளத்துல வாயை நனைக்கப்படாது, கொட்டையை அதக்கிக்கிடணும். என் மாமியா எனக்குச் சொன்னது, நா இவளுவளுக்குச் சொன்னேன். புதுசா ஒருத்தி வந்தா இவளுவ அவளுக்குச் சொல்லுவாளுவ."

"பட்டை கேக்கும்போது குடிச்சேன்னு ஏங்க்கா அமுக்குதிய?"

"இல்லைன்னு அமுக்குனா ஏன்னு கேக்கும். அந்தச் சேதி கங்காணி போனுக்குல்லா போவுது? அந்தாளுட்டப் போயி இதைச் சொல்லவா?"

"டாக்டர் கேட்டாருல்ல?"

"ஆம்பளப்பிள்ளைட்ட என்னத்தச் சொல்ல? நல்லாக் குடிப்போம்னு சொன்னோம்." சொல்லிவிட்டுப் பேச்சித்தாய் மருமகளைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில், தண்ணீர் குடிக்காததுதான் சீக்கென்று அவளுக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த வாருபலகை பாத்தியில் விழுந்தது. "அப்போ நாந்தான் இவளுக்குச் சீக்கைக் குடுத்தேனா? நா சொல்லித்தானே குடிக்காம கெடந்தா? எம்புள்ள கட்டிட்டு வந்தவளை நானே கெடுத்துட்டேனா நர்சம்மா?"

"நீங்க அவ மானத்தைக் காப்பாத்த வழி சொன்னிய. உங்க கையில வேற என்னக்கா இருந்துச்சி குடுக்க?" என்றாள் புஷ்பம். பேச்சித்தாயின் கையைப் பிடித்தபோது, மஞ்சள் பட்டையைத் தொடக்கூடாது என்ற விதி ஞாபகம் வந்தது. விடவில்லை. சாலையில் போகிற லாரிகளையும், ஓடைக்கரையில் வரிசையாக மினுங்கிய சோலார் தட்டுகளையும் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

அன்று மத்தியானமே மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். கேட்டு முடித்ததும் மீரான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் ஒரு முட்டாள் சிஸ்டர். மூணு தடவை கேட்டேன், நல்லாக் குடிக்கோம்னாங்க, எழுதிக்கிட்டேன்." பிறகு உற்சாகமாக எழுந்தார். "ஆனா நல்ல சேதிதான். இது தொற்றே இல்ல. தொற்றா நோய்னு வகையை மாத்திட்டாப் போதும், சாயங்காலத்துக்குள்ள எல்லாப் பட்டையும் பச்சை. முதல்ல பதிஞ்ச செவிலியர்தான் மாத்த முடியும், அதுவும் பச்சைப் பட்டையா இருக்கணும். தன் கோப்பைத் தானே மூடிக்கக் கூடாதுன்னு மஞ்சள்காரங்க கையெழுத்தை அரண் எடுத்துக்காது. நீங்க பச்சைதானே, ஒரு கையெழுத்துப் போடுங்க."

தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வேண்டாம் சார், பஸ்ல போகணும்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தினாள்.

"மாத்துன பிறகு என்ன நடக்கும்?"

"தொற்றா நோய்ப் பிரிவுலருந்து ஆளுக்கொரு குறிப்பு வரும். தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிக்கவும், உப்பைக் குறைக்கவும், மாலையில் நடக்கவும்."

"அளத்துக்கு?"

மீரான் கொஞ்சம் தயங்கினார். "அளத்துக்கு ஒண்ணும் வராது. சட்டம் அப்படி. தொத்துற நோய்னா அரசாங்கம் ஏழு நாளுல மூலத்தை ஒழிக்கணும். அதுவரைக்கும் அந்த இடத்துக்குச் சீல். தொத்தாத நோய்னா அவங்கவங்க பழக்கத்தை மாத்திக்கணும்."

"நல்லாருக்கு சார். கொசு கடிச்சா சாக்கடையை மூடுவாவ. மனுசன் பண்ணுன வேலைன்னா நீ நகந்துக்கோம்பாவளா?" அவள் பேனாவை மூடினாள். "தொற்றுன்னா அரணோட சட்டத்துல என்ன போட்டிருக்கு?"

"ஒருத்தர்ட்டருந்து இன்னொருத்தருக்குப் போய் உடம்பைக் கெடுக்கறது."

"இது வேற எப்படிப் போச்சு?"

மீரான் கண்ணாடியை மறுபடி கழற்றினார். "அப்படியே விட்டா அவங்க மஞ்சளாவே இருக்கணும் சிஸ்டர். ஊரு என்ன பாடு படுத்துதுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களா முடிவு பண்ணக் கூடாது" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

பேச்சித்தாய் வீட்டு முற்றத்தில் அன்று சாயங்காலம் முப்பத்தொரு பேரும் கூடினார்கள். புஷ்பம் இரண்டு வழியையும் ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். இன்றைக்கே பச்சையாகலாம், அளம் அப்படியே இருக்கும். மஞ்சளாகவே இருந்தால் அளம் மாறும், ஆனால் உடம்பு தேறிப் பட்டை தானாகப் பச்சைக்குத் திரும்ப ஒன்றரை மாசம் ஆனாலும் ஆகும், அதுவரை ஊர் ஒதுக்கும்.

எல்லாரும் இசக்கியைத்தான் பார்த்தார்கள். அவளுடைய ஐந்து வயதுப் பிள்ளை தனி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்து, மடியில் தூங்கிப்போயிருந்தது.

"பச்சையாக்குனா நாளைக்கும் கொட்டைதானே?" என்று கேட்டாள் இசக்கி.

"ஆமா."

"இவளை ஊரு ஒண்ணரை மாசம் ஒதுக்குனா நா கூட இருந்து பாத்துக்கிடுவேன். நா போய்ட்டா யாரு பாப்பா? கையெழுத்துப் போடாதீங்க நர்சம்மா."

பேச்சித்தாய் மூக்கைச் சிந்தினாள். "கலியாணத்துக்கு மஞ்சப் பூசலையா? பூசிக்கிட்டுக் கெடப்போம்ட்டி" என்றாள். அழுதுகொண்டே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அங்கேயே முற்றத்தில் உட்கார்ந்து புஷ்பம் படிவத்தை நிரப்பினாள். ஒரு சொல் பொய்யில்லை. 'பரவும் விதம்: தண்ணீர் குடிக்காமல் இருக்க ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மூலம்: அளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை.' அரண் அரை நிமிஷம் யோசித்தது. பிறகு, 'மூலம் ஏற்கப்பட்டது. ஒழிக்க ஏழு நாள்' என்றது.

மறுநாள் வடக்கு, தெற்கு இரண்டு அளத்துக்கும் சீல் விழுந்தது. தனிமை முகாம் பேச்சு நின்றது. நாற்பது வருஷமாக இல்லாத கழிப்பறைகள், தாழ்ப்பாளும் தண்ணீரும் நிழல் கூரையுமாக ஆறாம் நாளே எழுந்துவிட்டன. முதலாளிக்கு அவசரம், சீசன் போய்க்கொண்டிருந்தது. சுடலைமணி அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "கக்கூஸ்ல கிருமி இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். கக்கூஸ் இல்லாததுல இருக்கும்னு இப்பத்தாம் கேள்விப்படுதேன்" என்றார்.

ஊர் ஒதுக்கத்தான் செய்தது. ஒன்றரை மாசமும் அவர்கள் அதைத் தாங்கினார்கள். நாற்பத்தாறாம் நாள் முதல் பட்டை பச்சையாயிற்று, வாரக் கடைசிக்குள் மற்றவையும். இசக்கிக்குத்தான் போனது போனதுதான். ஆனால் மிச்சச் சிறுநீரகம் தப்பிவிட்டது. பேச்சித்தாயின் சுருக்குப்பையில் இருந்த கொட்டைகளைப் பேத்தி பல்லாங்குழிக்கு எடுத்துக்கொண்டாள்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அரண் கற்றுக்கொண்ட எதையும் மறக்கிற ஜாதி இல்லை. புதிதாக ஒரு மூலத்தைத் தெரிந்துகொண்ட அது, அதே விதமான வியர்வையை, அதே விதமான பரவலை மாநிலம் முழுக்கத் தேட ஆரம்பித்தது. செங்கல் சூளைகள் மஞ்சளாயின. பகல் முழுக்க நின்றுகொண்டே சேலை விரிக்கிற ஜவுளிக்கடைப் பெண்கள் மஞ்சளானார்கள். நாற்சந்தியில் நிற்கிற பெண் போலீஸ்கள், பூட்டிய கழிப்பறை உள்ள பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் என்று ஒரே மாசத்தில் நாலாயிரத்து அறுநூறு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழு நாள் கெடு.

ஒரு வியாழக்கிழமை காலை சென்னையிலிருந்து இணை இயக்குநர் புஷ்பத்தைக் கூப்பிட்டார். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது.

"அம்மா, இது எல்லாத்துக்கும் தாய்ப் பதிவு உங்களோடது. அதை ரத்து பண்ணினா மத்ததெல்லாம் தானா விழுந்துரும். உங்க அளத்துலதான் வேலை முடிஞ்சிருச்சே? தொற்றா நோய்னு மாத்தி ஒரு கையெழுத்துப் போடுங்க. போன்லயே இருக்கேன். உங்க சர்வீஸ்ல இன்னும் எட்டு வருஷம் பாக்கி இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க."

மிரட்டல் புரியாதவளல்ல புஷ்பம். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் திறந்துகொண்ட படிவத்தின் மேல் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. 'இந்தப் பட்டையின் கையெழுத்தை ஏற்க இயலாது.'

அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள்.

நான் எந்த அளத்துக்கு வேலைக்குப் போனேன் என்று ஒரு கணம் அசட்டுத்தனமாக நினைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. திருப்பி நகர்த்திய மோர், வாங்காத பாட்டில், இருபத்தேழு வருஷமாக ஊர் ஊராகச் சுற்றும்போது தண்ணீரைத் தொடாத பகல்கள். வேலையில் சேர்ந்த புதிதில் மூத்த நர்ஸ் ஒருத்தி சொல்லிக்கொடுத்தது: 'ஃபீல்டுக்குப் போற அன்னைக்குத் தண்ணி குடிக்காதட்டி.' அதையே அவளும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! அறைக் கோடியில், பெட்டிகள் அடுக்கிய கழிப்பறையின் கதவு பாதி திறந்திருந்தது.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். கையெழுத்துப் போட முடியாது. எனக்கும் வந்துட்டு."

"என்னது வந்துட்டு?"

"தெற்கு அளத்துச் சீக்கு. உங்க ஆபீஸ்லயும் பொம்பளைய நிறையப் பேரு இருக்காவளே சார், எதுக்கும் பட்டையைப் பாத்துக்கிடச் சொல்லுங்க."

போனை வைத்தாள். மஞ்சள்காரர்களுக்குக் கோப்பை மூடத்தான் உரிமையில்லை, புதிதாகத் திறக்க யாருக்கும் தடையில்லை. நோயாளி பெயர் என்ற இடத்தில் தங்கபுஷ்பம் என்று எழுதினாள். மூலம் என்ற இடத்தில், சங்குமுனை துணைச் சுகாதார நிலையம் என்று எழுதினாள். அனுப்பிவிட்டு, பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீரைத் தளும்பத் தளும்ப மொண்டு நின்றபடியே குடித்தாள். குடித்து முடித்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழிப்பறைக்குள் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள்.